இன்னாசி அண்ணனின் எரிப்பு

ஆட்டுக் கழுத்தில் காப்பைக் கட்டியவர் எங்கள் ஊர்க்காரர்தான். வேறு யார், பர்னாந்து மாமாதான். சந்தியாகப்பர் கோயில் கமிட்டித் தலைவர், ஊருக்கே நியாயம் சொல்கிற மனுஷர், தன் கையில் இருக்க வேண்டிய காப்பை ஆட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டு வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டார். ஆடு சுவர் ஏறியது, உடைமுள் காட்டில் துள்ளியது, நாய் துரத்தத் துரத்தத் தெருத்தெருவாக ஓடியது. மாதக் கடைசியில் உணவு வாரியத்து ஆட்கள் வந்து, ஊரிலேயே சிறந்த உடற்பயிற்சியாளர் என்று மாமாவுக்குச் சால்வை போர்த்தினார்கள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காப்பு என்று நாங்கள் சொல்வது மணிக்கட்டில் பூட்டுகிற ஒரு கறுப்புப் பட்டை. வீட்டுக்கு ஒன்று, குடும்பத் தலைவர் கையில். கடலில் மீன் அற்றுப்போய், உப்பளங்களை எந்திரங்கள் எடுத்துக்கொண்ட பிறகு வாரியம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. போட்டது என்றால் சும்மா போடவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிற உடம்புக்கு இருப்புப் பங்கு. அது கஞ்சிக்குக் காணும், அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஓட வேண்டும், குதிக்க வேண்டும், தண்டால் எடுக்க வேண்டும். எத்தனை கலோரி எரித்தாய் என்று காப்பு கணிக்கும். அந்தக் கணிப்புக்கு ஏற்ற அரிசிதான் எரிப்புப் பங்கு. காப்பில் பொட்டுப்போல ஒரு விளக்கு இருக்கும். உடம்பு வேலை செய்தால் பச்சை, ஓய்வில் இருந்தால் வெள்ளை.

ஆட்டு விஷயம் வெளியே வந்ததும் வாரியத்துக் கணிப்பாளர் வேல்மயில் வந்து இறங்கினார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், மரியாதை தெரிந்த மனுஷர். பழைய படகுத்துறையில் இருந்த பயிற்சித் திடலில் எங்களை உட்கார வைத்துப் பேசினார்.

"கையைக் காலை அசைச்சா எண்ணுது, அதனாலதானே ஆட்டுல கட்டுனீங்க. இனிமே காப்பு அசைவைப் பாக்காது. நாடியை மட்டும்தான் பாக்கும். உடம்பு வேலை செஞ்சா இதயம் வேகமாத் துடிக்கும். எவ்வளவு வேகமோ, அவ்வளவு எரிப்பு. இதயத்தை யாரும் ஏமாத்த முடியாது பாருங்க."

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. எழுந்து கேட்டேன். "ஓடி எரிச்சதுக்குத் தக்கனதான் அரிசி தாரிய. அதை ஓடுனவனே தின்னாத்தான அவனுக்கு ஈடாகும். வீட்ல இருக்க புள்ளைக்கு என்ன சார் மிஞ்சும்?"

அவர் சிரித்துக்கொண்டார். "நல்லாத்தான் கேக்கறீங்க. கணிப்பு சரியா இருந்தா ஒண்ணும் மிஞ்சாதும்மா. ஆனா கணிப்புன்னா முன்னப்பின்ன இருக்கும். பெரும்பாலும் கூடுதலாத்தான் காட்டும். அதுதான் மிச்சம்."

ஆக, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சாப்பிட்டதெல்லாம் காப்பின் பிழையைத்தான். அதை அவர் வாயாலேயே சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு யாருக்கும் அது உறைக்கவில்லை.

இன்னாசி என் கூடப்பிறந்த அண்ணன். என்னைக் கட்டியவர் கடலில் இறந்துபோன பிறகு அண்ணன் வீட்டில்தான் இருக்கிறேன். அண்ணன், பிலோமி மதினி, அவர்கள் மகள் மெல்வினா, நான். நாலு வயிற்றுக்கு அண்ணன் கையில் ஒரு காப்பு. நாடிக் கணக்கு வந்து சில மாதங்களில் அண்ணனின் எரிப்பு தாறுமாறாக ஏற ஆரம்பித்தது. ஓடினால் பச்சை, நடந்தால் பச்சை, உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டாலும் பச்சை.

"பாத்தியாட்டி தெக்லா," என்று கையை நீட்டிக் காட்டுவான். "சோறு திங்கிறதே எனக்கு உடற்பயிற்சிதான்."

வீட்டில் இரண்டு வேளை சோறு பொங்கினோம். மெல்வினாவின் கன்னத்தில் சதை பிடித்தது. தெருவில் அண்ணனைப் பார்த்தால் ஆம்பிளைகள் எழுந்து நின்று பேசினார்கள். "என்ன ஓய், என்ன ரகசியம்," என்று பர்னாந்து மாமா கேட்பார். "ஒம்ம ஆட்டுப்பாலைக் குடிச்சேன் மாமா," என்பான் அண்ணன். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் நேர்ச்சையை ஊருக்கே தெரியச் சொன்னான்.

போன வருஷம் மெல்வினாவுக்குக் காய்ச்சல் கண்டு பிழைப்பாளா என்று கிடந்தபோது, பிள்ளை எழுந்து நடந்தால் சந்தியாகப்பர் திருவிழா அசனத்துக்கு அரிசி நான் தருகிறேன் என்று மனதுக்குள் வேண்டியிருந்தான். அசனம் என்றால் ஊரே வரிசையாக உட்கார்ந்து கோயில் முற்றத்தில் ஒரே சோற்றைச் சாப்பிடுவது. பஞ்சம் வந்ததிலிருந்து அது நின்றுபோயிருந்தது. இந்த வருஷம் நடக்கும், அரிசி முழுக்க என் பொறுப்பு என்று பூசை முடிந்த கையோடு எழுந்து சொன்னான். கிழவிகள் அழுதார்கள். அன்றிலிருந்து எரிப்புப் பங்கில் பாதி கோயில் அறைக்குப் போனது.

பிலோமி மதினி மட்டும் சந்தோஷப்படவில்லை. படுத்தால் அண்ணனுக்கு மூச்சு இளைத்தது. கால் வீங்கியது. மதினி என்னையும் கூட்டிக்கொண்டு, அண்ணனைச் சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனாள். நர்ஸ் மாரிக்கனி அவன் நெஞ்சில் கருவியை வைத்து வெகுநேரம் கேட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு நெஞ்சு தாளம் தப்பி ஓடுது. சும்மா இருக்கையிலேயே ஓடுறவன் மாதிரி அடிக்கி. காப்புல பச்சை எரியுதுன்னு சந்தோசப்படுதிய. அது ஒங்க உழைப்பு இல்ல, ஒங்க நோய்."

மாத்திரை அட்டையை எடுத்து மதினி கையில் வைத்தாள். "காலைல ஒண்ணு போட்டா துடிப்பு அடங்கும். ஓட்டம் கீட்டம் கூடாது. இப்படியே விட்டா நெஞ்சு ஒருநாள் நின்னுரும்."

"துடிப்பு அடங்குனா எரிப்பும் அடங்கிரும்லா?" என்று கேட்டான் அண்ணன்.

"அடங்கத்தான் செய்யும். எவ்வளவு பாடுபட்டாலும் காப்பு உக்காந்திருக்கான்னுதான் சொல்லும்."

அண்ணன் சட்டையை மாட்டினான். "அசனம் முடியட்டும். அப்புறம் போடுதேன்."

வழியெல்லாம் மதினி கெஞ்சினாள். "நேர்ச்சைதான. சந்தியாகப்பரு ஒங்க உயிரையா கேட்டாரு? அடுத்த வருசம் குடுப்போம்."

"புள்ளையக் குடுத்தவருக்கு வாய்தா சொல்லச் சொல்லுதியா," என்றான். அதற்குமேல் அவனிடம் பேச முடியாது. கல்லாக இருப்பான். எங்கள் அப்பாவும் அப்படித்தான்.

இரண்டு நாள் கழித்து நான் அடுப்படிக்குள் போனபோது மதினி கரண்டியின் அடியால் எதையோ நசுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பொடி. அதை வழித்து அண்ணனுக்கு ஊற்றி வைத்திருந்த குழம்பில் கலக்கினாள். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"மாத்திரையா மதினி?"

"சொல்லிராத தெக்லா. தெரிஞ்சா கோவிப்பாவ. கோவிக்கட்டும். உயிரோட இருந்து கோவிச்சாப் போதும் எனக்கு."

நான் சொல்லவில்லை. அவள் செய்தது சரி என்றுதான் அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். ஒரு வாரத்தில் அண்ணனின் கால் வீக்கம் வடிந்தது. இரவில் இளைப்பில்லாமல் தூங்கினான். மதினி பல நாளுக்குப் பிறகு தலையில் பூ வைத்தாள்.

காப்பு மட்டும் வெள்ளையாகிவிட்டது. அண்ணன் அதைத் தட்டிப் பார்த்தான், துடைத்துப் பார்த்தான். வேல்மயில் சார் ஊருக்கு வந்தபோது கொடுத்துச் சோதிக்கச் சொன்னான். காப்பில் பழுதில்லை என்று அவர் திருப்பிக் கொடுத்தார். "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்க. உடம்பு பழகிட்டா எரிப்பு குறையும். அதிகமாப் பயிற்சி செஞ்சாத்தான் பழைய அளவுக்கு வரும்."

தெருவில் பேச்சு மாறியது. "இன்னாசிக்குச் சதை போட்டுட்டு," என்றான் ஒருவன். "நேந்துக்கிடும்போது வாய் நீளம். இப்பம் காலு நீளல," என்றான் இன்னொருவன். கேலிதான். எங்கள் ஊரில் கேலி செய்யாமல் ஒருவனுக்கு வணக்கம்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அண்ணன் முன்பு போலத் திருப்பிக் கொடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டு போனான். கோயில் அறையில் அரிசி பாதிகூடச் சேரவில்லை. திருவிழாக் கொடி ஏற மூன்று மாதம்கூட இல்லை.

அவன் ஓட ஆரம்பித்தான். காலையில் திடல். மத்தியானம் உப்பளச் சாலை. சாயந்தரம் மறுபடி திடல். முன்பெல்லாம் திடலை நாலு சுற்று வந்தால் பச்சை எரியும். இப்போது விழுந்தடித்து ஓடினாலும் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். ஓடிக்கொண்டே மணிக்கட்டைப் பார்ப்பான். பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டுவான்.

மாத்திரையை நிறுத்தினால் நெஞ்சு பழையபடி ஓடும். கொடுத்தால் இவன் ஓடுகிறான். "சொல்லிருவோம் மதினி," என்றேன். "எங்கிட்ட கத்துனாலும் பரவால்ல, ஓடுறதை நிறுத்துவான்லா."

"நிறுத்த மாட்டாவ. மாத்திரையத்தான் நிறுத்துவாவ," என்றாள். அட்டையில் மீதி இருந்த மாத்திரையை எண்ணினாள். "சரி. நாளைக்குச் சாப்பிட உக்காரும்போது நானே சொல்லுதேன். கால்ல விழுந்தாவது கேக்கேன்."

மறுநாள் மத்தியானம் மதினி இலை போட்டு வைத்துக் காத்திருந்தாள். அண்ணன் வரவில்லை. உப்பு லாரிக்காரன்தான் வந்து சொன்னான்.

உப்பளச் சாலையில் நிழலே கிடையாது. இரண்டு பக்கமும் பாத்திகள், கண்ணைக் கூசும் வெள்ளை. சாலையோரம் குப்புற விழுந்து கிடந்தான். கால் இரண்டும் ஓடுகிற வாக்கிலேயே மடங்கியிருந்தன. நான் புரட்டிப் போட்டேன். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும், அப்படி நனைந்திருந்தது. மதினி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "சோறு ஆறுதுங்க, எந்திரிங்க," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளை அங்கிருந்து கிளப்ப எங்களால் முடியவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு வேல்மயில் சார் வந்தார். பயிற்சி செய்யும்போது இறந்தால் பிள்ளை வளர்கிறவரை தகப்பன் பங்கு கிடைக்கும் என்பது வாரியத்தின் விதி. மெல்வினாவுக்கு அது வந்துவிடும் என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம். வீட்டு வாசலில் பந்தலைப் பிரிக்கவில்லை. தெருச்சனம் முழுக்க அங்கேதான் இருந்தது. சார் அண்ணனின் காப்பைக் கழற்றிக்கொண்டு போய்ப் படித்துவிட்டு வந்திருந்தார். அவர் முகமே சரியில்லை.

"அம்மா, சொல்லவே கஷ்டமா இருக்கு. கடைசி வரைக்கும் நாடி ஏறவே இல்ல. காப்புக் கணிப்புப்படி அவர் ஓடல. மெதுவா நடந்திருக்கார், இல்லன்னா உக்காந்திருந்திருக்கார். ஓய்வுல இறந்தார்னுதான் வருது."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "ஓய்வா? வெந்து கிடந்தான் சார் எங்கண்ணன். செருப்பு தேஞ்சு ஓட்டையா கிடந்துது. லாரிக்காரன் அவன் ஓடுறதக் கண்ணால பாத்திருக்கான்."

"நான் உங்களை நம்பறேன்மா. ஆனா பாத்தவங்க சாட்சியை வாரியம் எடுத்துக்காது. ஆட்டு விவகாரத்துக்கு அப்புறம் ஊர்க்காரங்க சொல்றது எதையும் எடுத்துக்கக் கூடாதுன்னு உத்தரவு." பர்னாந்து மாமா தரையைப் பார்த்தார். சார் நாற்காலியை மதினி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு வழி இருக்கு. நோய், மாத்திரை, ஏதாவது காரணத்தால நாடி மாறியிருந்தாச் சொல்லுங்க. நாடிக் கணிப்பே தப்புன்னு நான் எழுதறேன். உங்க பொண்ணுக்குப் பங்கு நிச்சயம் கிடைக்கும்."

மதினி நிமிர்ந்து பார்த்தாள். நான் மூச்சை இழுத்தேன், சொல்வதற்காகத்தான்.

"ஆனா இதையும் சொல்லிடறேன்," என்றார் அவர். "அப்படி எழுதினா டாக்டர் குழு வரும். ஊர்ல ஒவ்வொருத்தரையும் சோதிப்பாங்க. உழைக்காம நோயால ஏறுற நாடி எல்லாத்தையும் கழிச்சுடுவாங்க. அது என் கையில இல்ல."

பக்கத்து வீட்டு சலோமி எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் வெளியூரில், நிறைமாதக்காரி, கையில் காப்பு. பிள்ளை வயிற்றில் வந்து நெஞ்சு வேகமாக அடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் காப்பு அடிக்கடி பச்சையாகத்தான் எரியும். அதில்தான் அவளும் மாமியாரும் சாப்பிட்டார்கள். அவளுக்குப் பின்னால் மிக்கேல் கிழவர், மூச்சுக்கு மருந்து இழுக்கிறவர். இழுத்தால் அவருக்கு நெஞ்சு படபடக்கும். அவருடைய காப்பும் பச்சைதான். தெருவில் இப்படி வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒருவரும் மதினியிடம் எதுவும் கேட்கவில்லை. சலோமி மட்டும் முந்தானையை இழுத்துக் காப்பை மூடிக்கொண்டாள்.

"மதினி," என்றேன்.

அவள் என் கையை எட்டிப் பிடித்தாள். நகம் பதியப் பிடித்தாள்.

"நோயும் இல்ல, மாத்திரையும் இல்ல சார்," என்றாள். "அவிய ஓய்வாத்தான் இருந்தாவ."

பர்னாந்து மாமா துண்டை வாயில் பொத்திக்கொண்டு எழுந்து போனார். வேல்மயில் சார் பேனாவை எடுத்தார். பிறகு எழுதினார். எழுதி முடித்துவிட்டு, வீட்டுக்குக் காப்பு ஒன்று வேண்டுமே, இனி நீங்கள்தான் குடும்பத் தலைவி என்று பையிலிருந்து எடுத்து மதினியின் கையில் பூட்டினார். வளையலைக் கழற்றிய தடம் இன்னும் மாறாத கை அது.

கொஞ்ச நாள் தெருவிலிருந்து ஆளாளுக்குக் கிண்ணத்தில் சோறு கொண்டுவந்தார்கள். அவரவருக்கும் வயிறு இருக்கிறது. பிறகு கிண்ணம் வருவது நின்றது. நான் காப்புக்காரி இல்லை, நான் ஓடி ஒன்றும் ஆகப்போவதில்லை. மதினி ஓடுகிற நிலையில் இல்லை. எழுந்து நடக்கவே மாட்டாள். அண்ணன் சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்த சுவரோரம் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். சாப்பிட மாட்டாள். தூங்கவும் மாட்டாள்.

மாதப் பங்கு வாங்கப் போன நான், ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மூட்டையைத் தூக்க முடியவில்லை. அண்ணன் நல்லா இருந்த காலத்தில் வந்ததைவிட அதிகம். வீட்டுக்கு வந்து மதினியின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். காப்பில் பச்சை எரிகிறது.

நர்ஸ் மாரிக்கனியைக் கூட்டிவந்தேன். அவள் மதினியின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்தாள். "தூக்கமில்ல, சாப்பாடில்ல, மனசு விட்டுப்போச்சு. நெஞ்சு அடிக்கிற அடியப் பாத்தியா? இப்படியே போனா இவளும் தாங்க மாட்டா. அவருக்குக் குடுத்த அதே மாத்திரைதான். குடு."

அட்டையை என் கையில் வைத்தாள். நான் அடுப்படிக்குப் போனேன். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டி பக்கத்திலேயே கிடந்தது. இல்லை, கலக்க மாட்டேன். இந்த வீட்டில் இனி எதையும் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் கலக்கப் போவதில்லை. ஒரு மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு நேராக மதினி முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"போடுங்க மதினி. என் கண்ணு முன்னால போடுங்க."

மதினி மாத்திரையைப் பார்த்தாள். பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"கோயில்ல எவ்வளவு அரிசி சேந்திருக்கு?" என்று கேட்டாள்.

"அரிசி நாசமாப் போவட்டும் மதினி. நேர்ச்சை அண்ணனோட போயிட்டு."

"அவிய பேரை ஓய்வுன்னு எழுதிட்டாவ தெக்லா. நான்தான் எழுத வச்சேன். அசனமாவது அவிய பேருல நடக்கட்டும்." என் விரல்களை மடக்கி மாத்திரையை மூடினாள். "அசனம் முடியட்டும். அப்புறம் போடுதேன்."

மெல்வினா தட்டைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தாள். வாயோரம் பருக்கை ஒட்டியிருந்தது.

"அம்மா, இன்னுங் கொஞ்சம் சோறு," என்றாள்.